எந்தத் தோட்டா நல்லதுண்ணே?



போன மாதம் ஒரு ஞாயிறு இரவு. பெருங்களத்தூரில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறையில் படிப்பு வட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் மட்டும் போகவில்லை. செல்போனை எங்கள் பக்கம் நீட்டினார். ஒரு அமெரிக்கர் விதவிதமான கைத்துப்பாக்கிக் குண்டுகளை ஜெல் கட்டியில் சுட்டு, எது எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து காட்டும் வீடியோ.

"பாயிண்ட் த்ரீ டூ ரிவால்வருக்கு எந்தத் தோட்டா நல்லதுண்ணே?" என்று கேட்டார்.

எங்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டோம். அவரிடம் துப்பாக்கி கிடையாது, லைசென்ஸ் கிடையாது, அறை வாடகையே இரண்டு மாதம் பாக்கி. அவர் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். ஊரில் அவர் விரும்பும் பெண் வேறு சாதி. அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் இங்கே ஜி.எஸ்.டி. சாலை டீக்கடையில் அவருடைய போட்டோவைக் காட்டி, "இவனை இந்தப் பக்கம் பார்த்திருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறோம். 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட தலித் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். எங்கோ தூரத்தில் இல்லை, இதே தாம்பரம் கமிஷனரேட் எல்லைக்குள். பட்டணத்துக்கு வந்துவிட்டால் சாதி விட்டுவிடும் என்று நம்பித்தான் நம் பிள்ளைகள் தெற்கிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். அதே பஸ்ஸில் அருவாளும் வருகிறது.

அதனால் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினோம். செம்பு உறையால் முழுதாக மூடிய குண்டு உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடக்கூடும். முனையில் குழி உள்ள குண்டு உடம்புக்குள் விரிந்து நிற்கும். பின்னால் நிற்பவருக்கு ஆபத்து குறைவு, பட்டவருக்குக் காயம் பெரிது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் தூங்கும் நம் குடியிருப்புகளில் இது சின்ன விஷயம் இல்லை.

இப்படி விரியும் குண்டுக்கு உலகம் முழுக்க வழங்கிய பெயர் 'தம்தம்'. கொல்கத்தா பக்கத்தில் இருக்கும் தம்தம் ஆயுதச்சாலையில் 1890-களில் வெள்ளைக்காரன் செய்தது. 1899-இல் ஹேக் மாநாட்டில் இதைப் போரில் தடை செய்யப் பேச்சு வந்தபோது, பிரிட்டன் தரப்பு எதிர்த்தது. நாகரிகமான ஐரோப்பியச் சிப்பாய் சாதாரணக் குண்டுக்கு விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்பது அவர்கள் வாதம். எந்த உடம்புக்கு எந்தக் குண்டு என்று அன்றே தரம் பிரித்திருக்கிறார்கள். தரம் பிரிக்கும் புத்தி நமக்குப் புதிதா என்ன?

சரி, துப்பாக்கி வாங்க முடியுமா? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 14-வது பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் லைசென்ஸை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் விலை? பெண்களின் பாதுகாப்புக்கு என்று 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் இதே பாயிண்ட் த்ரீ டூதான். அப்போதே விலை 1,22,360 ரூபாய். தம்பியின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2024-25-இல் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 319 ரூபாய். பத்து வருடத்துக்கு முந்தைய அந்த விலைக்கே அவர் 384 நாள் மண் சுமக்க வேண்டும். வருடத்துக்கு நூறு நாள் என்றால் கிட்டத்தட்ட நான்கு வருடம். தோட்டா செலவு தனி.

லைசென்ஸ் கதையும் பழைய கதைதான். 1956 ஜனவரி 30 அன்று மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அகிம்சைக்காக உலகமே கொண்டாடும் அந்த மனிதர், துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அதனால் பயத்தில் துப்பாக்கி கேட்கும் தம்பியைக் கோழை என்றோ வன்முறையாளன் என்றோ யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் துப்பாக்கி கிடைத்துவிட்டால் போதுமா? தோழர் ஆம்ஸ்ட்ராங்கை நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞர், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர். தேர்தலுக்காக ஒப்படைத்த துப்பாக்கியும் திரும்பக் கிடைத்திருந்தது. 2024 ஜூலை 5 மாலை, பெரம்பூரில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்தில் கும்பலாக வந்து வெட்டிச் சாய்த்தார்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் கொன்றவர்கள், பஸ்ஸை மறித்துத்தான் கொன்றார்கள். நேரத்தையும் இடத்தையும் கொல்ல வருகிறவன் தேர்ந்தெடுக்கிறான். இடுப்பில் இருப்பதை எடுக்க நமக்கு அவன் நேரம் கொடுப்பதில்லை.

தப்பித்தவறி நாம் சுட்டுப் பிழைத்தாலும் அடுத்த போராட்டம் ஸ்டேஷனில் தொடங்கும். தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தாக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. தேவையான அளவு எது என்று முதலில் எழுதப்போவது யார்? அடி வாங்கிப் புகார் கொடுக்கப் போனாலே எதிர் வழக்கு வாங்கித் திரும்புகிறவர்கள் நாம்.

இவ்வளவும் படித்த பிறகுதான் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-ஐத் திரும்ப எடுத்தோம். 3-வது விதியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. மேடைகளில் நாம் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதற்கு இரண்டு வரி முன்னால் இன்னொன்று இருக்கிறது. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாதவர்களின் ஆயுத லைசென்ஸை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். சிறப்புப் போலீசை நிறுத்த வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

அதாவது, சட்டம் முதலில் சொல்வது அவன் கையில் இருப்பதை வாங்கு என்பதை. நமக்கு ஒன்று கொடு என்பது அதற்குப் பிறகுதான். நாமோ முதலாவதைக் கேட்பதே இல்லை. நம் பிள்ளைகள் தோட்டா பற்றி யோசிக்கிற நிலைமைக்கு வந்ததில், கேட்காமல் விட்ட நம் தப்பும் இருக்கிறது.

மறுநாள் காலை அவருடன் ஸ்டேஷனுக்குப் போனோம். "லவ் மேட்டரா? உங்க ஊர்ல போய்க் குடுங்க" என்றார்கள். சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தோம். மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிக்குப் போலீஸ் பாதுகாப்பு, மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு, கடமை தவறும் அதிகாரி மேல் நடவடிக்கை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவையும் சேர்த்து வைத்தோம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

அவருடைய சொந்த ஊர் மாவட்ட ஆட்சியருக்கு இரண்டு கடிதங்கள் போயிருக்கின்றன. ஒன்று, அந்த ஊரை 3-வது விதியின்படி அடையாளம் காணச் சொல்லும் மனு. இன்னொன்று தகவல் உரிமைச் சட்டக் கேள்வி: அந்தத் தாலுகாவில் ஆயுத லைசென்ஸ் எத்தனை, வன்கொடுமை விதிகளின் கீழ் இதுவரை ரத்து செய்தது எத்தனை? முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். இன்று 17-வது நாள்.

தம்பி இப்போது அந்த அறையில் இல்லை. எங்கே இருக்கிறார் என்று இங்கே எழுதப்போவதில்லை. இரவு எங்கே போனாலும் இரண்டு பேர் கூடப் போகிறோம். இதுவே போதும் என்று சொல்ல மாட்டோம். ஆம்ஸ்ட்ராங்குடனும் ஆட்கள் இருந்தார்கள்.

படிக்கிற தோழர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊர்த் தாலுகாவுக்கும் அதே கேள்வியை அனுப்புங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு தாள். அவர்கள் கையில் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பதை நாம் எண்ணத் தொடங்குவோம்.