மேட்னிக்குத் தனியாகப் போகலாமா? புதுக்கோட்டையில் ஒரு சனிக்கிழமை மதியம்

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆலங்குடி, திருமயம், கீரனூர், கந்தர்வகோட்டை பக்கமிருந்து வரும் பேருந்துகளிலிருந்து பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேராக இறங்குவார்கள். பையன்கள் இறங்குவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். பெண் பிள்ளைகள் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, போனை எடுத்து ‘வந்துட்டோம்மா’ என்று சொல்வது.

இரண்டரை மணி மேட்னிக்கு இன்னும் நேரம் இருக்கும். ஜூஸ் கடை, பேன்ஸி ஸ்டோர் என்று ராஜ வீதிகளில் ஒரு சுற்று. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டது போல நேரான தெருக்கள் கொண்ட ஊர் இது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீரமைக்கப்பட்ட சமஸ்தானத் தலைநகரம் என்பதால், புதிதாக வருபவர்கூட வழி தவற மாட்டார். தொலைந்துபோவார்களே என்று பயப்பட வேண்டிய ஊரே இல்லை. ஆனாலும், கூடப் பெரியவர் யாரும் இல்லாமல் பிள்ளைகளைத் தியேட்டருக்கு அனுப்பலாமா என்ற கேள்வி இந்த மாவட்டத்து வீடுகளில் ஒவ்வொரு பண்டிகை ரிலீஸுக்கும் எழத்தான் செய்கிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுவதில்லை என்பதுதான் விஷயம். பையன் ‘படத்துக்குப் போறேன்’ என்று தகவல் சொல்வான். பொண்ணு ஒரு வாரம் முன்பே அனுமதி கேட்பாள். என்ன படம், யார் யார் போகிறீர்கள், எந்த ஷோ, எந்த பஸ்ஸில் திரும்புவீர்கள் என்று அடுத்தடுத்து கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் கடைசி நிபந்தனை ஒன்று இருக்கும். ‘தம்பியையும் கூட்டிட்டுப் போ.’ பதினாறு வயது அக்காவுக்குப் பத்து வயது தம்பி துணை! யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அந்தத் தம்பிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கும் அக்காவைக் கேட்டால்தான் தெரியும்.

இந்த ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன்பும் வேறு வேறு உருவத்தில் கேட்கப்பட்டிருக்கிறது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, இங்கிருந்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆண் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் அவரால் உள்ளே போக முடிந்தது. அப்படியும் வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் கேட்ட அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றார். அவர் படித்த அந்தக் கல்லூரி இன்று மன்னர் கல்லூரி. இப்போது அதன் வாசலில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கும் மாணவிகளைப் பார்ப்பவருக்கு அந்தத் திரையை மனதில் கொண்டுவருவதே கஷ்டம்.

அதே காலத்தில் பையன்களின் கதையோ முழுக்க வேறு. அவர்களை நாடகம் பார்க்க அல்ல, நாடகம் போடவே ஊர் ஊராக அனுப்பினார்கள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் தாளக் கணக்கு கற்றவர். அவரால் மகனாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டவர். அந்தச் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். ‘பாய்ஸ் கம்பெனி’களின் காலம் அது. ஏழெட்டு வயதுப் பிள்ளையைக் கம்பெனியில் சேர்த்துவிட்டால், அதற்குச் சாப்பாடு, படுக்கை, பாட்டு, அடி எல்லாம் வாத்தியார் கையில். மாதச் சம்பளம் வீட்டுக்கு வரும். பிள்ளை எப்போது வருவான் என்பதை கம்பெனியின் ஊர்ப் பயணம்தான் முடிவு செய்யும்.

அப்படிப் போன புதுக்கோட்டைப் பிள்ளைதான் பி.யு.சின்னப்பா. 1916-ல் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் மேடை நடிகர். பத்து வயதுகூட நிரம்பாத நிலையில் கம்பெனிக்குப் போன சின்னப்பா, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக உயர்ந்தார். அதே கம்பெனியில் பின்னாளைய எம்.ஜி.ஆரும் சிறுவனாக இருந்தார். 1940-ல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம், 1942-ல் ‘கண்ணகி’யில் கோவலன் என்று சின்னப்பா தமிழ்த் திரையின் பெரிய நட்சத்திரமானதும், 1951-ல் 35 வயதிலேயே இறந்துபோனதும் பலருக்குத் தெரிந்த கதை. பெற்றோர் பக்கத்தில் இல்லாமல், கொட்டகையே வீடாக வளர்ந்த பிள்ளை என்பது அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. அந்த மேடைகளில் பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். சிறுமிகளுக்கு அங்கே இடம் இல்லை. பையனை மாதக்கணக்கில் அனுப்பிவைத்த அதே சமூகம், பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே யோசித்துக்கொண்டிருந்தது.

கிராமத்துத் திருவிழாவில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். புதுக்கோட்டை இன்றும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் முக்கியமான ஊர்களில் ஒன்று. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் மாவட்டம் முழுக்க கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை போகும். பாயைச் சுருட்டிக்கொண்டு முதலில் போய் இடம் பிடிப்பது பிள்ளைகள்தான். அம்மா அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் தேடுவதில்லை. முன் வரிசையில் இருப்பது சித்தப்பா, பின்னால் இருப்பது அத்தை, டீக்கடை போட்டிருப்பது மாமா. ஊரே துணை என்கிறபோது தனித் துணை எதற்கு?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நள்ளிரவு தாண்டி பபூன் அடிக்கும் இரட்டை அர்த்த ஜோக்குகளுக்கு எந்த சென்சார் போர்டும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதைப் பாதித் தூக்கத்தில் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள்தான் இன்று ‘அந்தப் படத்துல ஏதாவது சீன் இருக்கான்னு விசாரிச்சியா?’ என்று மகளிடம் கேட்கிறார்கள்.

இந்த மாவட்டத்தின் பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டிய கதையில் பெரிய திருப்பம் 1991-ல் வந்தது. அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி மாணவிகள் எல்லோரும் மைதானத்தில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். தெருவில் கிண்டல் செய்தவர்களுக்கும் குறைவில்லை. இதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத், சுமார் பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கட்டுரை மத்திய அரசின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது.

அன்று பதினைந்து வயதில் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். மகளுக்கு ‘சரி, போயிட்டு வா’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்கிற இடத்தில் இருப்பது அந்தத் தலைமுறைதான்.

அப்புறம் ஏன் தியேட்டர் என்றதும் இவ்வளவு தயக்கம்? சைக்கிளை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதில் தண்ணீர்க் குடம் வந்தது, சந்தைக்குக் காய்கறி போனது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது. குடும்பத்துக்கு உபயோகம். டியூஷனுக்கு அக்கம்பக்கத்து டவுனுக்கு இருட்டிய பிறகு தனியாகப் போய்வரும் அதே பெண்ணை, பட்டப்பகலில் மேட்னிக்கு அனுப்ப யோசிப்பதும் இதனால்தான். டியூஷனில் மார்க் வரும். சினிமாவில் சந்தோஷம் மட்டும்தான் வரும். பெண் பிள்ளை சந்தோஷத்துக்காக மட்டும் வெளியே போவதற்கான அனுமதி, எல்லா அனுமதிகளுக்கும் கடைசியாகவே வந்து சேர்கிறது.

போவதற்கான வசதிகள் என்னவோ முன்பைவிட அதிகம். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் வந்தால் விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. டவுனுக்கு வந்து போக அக்காவுக்குச் செலவு இல்லை. துணைக்கு வரும் தம்பிக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்!

வீட்டில் இதற்காக வாக்குவாதம் நடந்தால், சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுவது நல்லது. முதலில் சென்சார் சான்றிதழ். ‘ஏ’ படம் என்றால் 18 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி கிடையாது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனாலும் கிடையாது. குடும்பத்தோடு போனால் விடுவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘யுஏ’ பிரிவு, 2023-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இது பெற்றோருக்கான வழிகாட்டுதல். தியேட்டர் வாசலில் யாரும் பிறந்த தேதி கேட்கப் போவதில்லை; வீட்டில்தான் கேட்டு முடிவு செய்ய வேண்டும். போஸ்டரின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். ஊரோடு உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கு இவ்வளவு யோசிக்கும் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்க்கும் படத்துக்கு யாரும் எதையும் கேட்பதில்லை என்பது தனிக் கதை.

அடுத்தது நேரம். பதினாறு வயதுக்குட்பட்டவர்களைக் காலை 11 மணிக்கு முன்பும் இரவு 11 மணிக்குப் பின்பும் தியேட்டருக்குள் விடக் கூடாது என்று 2025 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் சொன்னது. மார்ச் மாதத்தில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு நீதிமன்றம் தேவையில்லை. கடைசி டவுன் பஸ்ஸே போதும். ஆறரை மணி ஷோ முடிய ஒன்பதரை ஆகிவிடும். அதற்குப் பிறகு மணமேல்குடி பக்கமோ பொன்னமராவதி பக்கமோ உள்ள ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்வது பெரியவர்களுக்கே பாடு. படம் எது என்பதைவிட பஸ் எது என்பதே இங்கே முக்கியமான கேள்வி. முதல் நாள் முதல் ஷோ நெரிசல் வேறு இருக்கிறது. அதற்கு மட்டும் பெரியவர் ஒருவர் கூடப் போவது தப்பில்லை.

உண்மையில் ஆபத்து அதிகம் இருப்பது, யாரும் கேள்வி கேட்காத பையன்களுக்குத்தான். பஸ் இல்லாத நேரத்து ஷோவுக்கு அவர்கள் போவது அப்பாவின் பைக்கில். ஒரு வண்டியில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை. 18 வயது நிறையாத பிள்ளை அப்படி வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. திருச்சி ரோட்டிலும் தஞ்சாவூர் ரோட்டிலும் இரவு பத்து மணிக்கு ஓடும் லாரிகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. மகளிடம் கேட்கும் ஐந்து கேள்விகளில், ‘எதுல போற, எதுல வர்ற?’ என்ற ஒன்றையாவது மகனிடமும் கேட்கலாம்.

மதிய ஷோவுக்கு வரும் பிள்ளைகள் காலையிலேயே வந்தால் திருக்கோகர்ணத்தில் இன்னொரு வேலையும் முடிக்கலாம். 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. சென்னை எழும்பூருக்கு அடுத்து மாநிலத்தின் பெரிய அருங்காட்சியகம் இதுதான். ‘மியூசியம் போறோம்மா’ என்று சொன்னால் அனுமதி உடனே கிடைக்கும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. படம் முடிந்து வந்தால் முட்டை மாஸ் வாசனை பரோட்டாக் கடைகளிலிருந்து தெருவுக்கு வந்துவிடும். கையில் மிச்சம் இருக்கும் காசைப் பொறுத்து அங்கே ஒரு நிறுத்தம்.

ஐந்தேகாலுக்கு மேட்னி முடியும். ஐந்தே முக்காலுக்குள் பேருந்து நிலையம். ஜன்னல் சீட்டில் அக்கா, நடுவில் தோழி, ஓரத்தில் தம்பி. பஸ் கிளம்பியதும் ‘ஏறிட்டோம்மா’ என்று ஒரு போன். ஹீரோ என்ட்ரி சீனைத் தம்பி ஒருமுறை சீட்டிலேயே நடித்துக் காட்டுவான். ஊரைத் தாண்டியதும் சத்தம் அடங்கும். திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள், துணைக்கு வந்தவன் அக்கா தோளில் சாய்ந்து தூங்கியிருப்பான்.