சுழலாக்கி

விமானத்தின் இறக்கை எவ்வளவுக்கெவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்பது நம்மில் பலருடைய எண்ணம். அப்படியிருக்க, வழவழப்பான இறக்கையின் மேல் நகத்தளவுத் தகடுகளை வேண்டுமென்றே வரிசையாக ஒட்டிவைத்து, "இனி இது மெதுவாகப் பறக்கும்போதும் சொன்னபடி கேட்கும்" என்று ஒருவர் கூறினால் வியப்பாக இராதா? ஆயினும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான சிறு விமானங்களில் இந்தத் தகடுகளைக் காணலாம்.

ஆங்கிலத்தில் இதற்கு வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் என்று பெயர். தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் சங்கத்து நண்பர்களிடம் கேட்டுவைத்தேன். ஒரு மாலைப்பொழுது அதிலேயே கழிந்தது. சுழலாக்கி என்றார் ஒருவர். சுழிப்பான் என்றார் மற்றொருவர். தேநீர்க் கடைக்காரர் கடையைக் கட்டிய நேரத்தில் சுழலாக்கிக்கு ஒரு வாக்கு மிகுதியாக இருந்தது. மும்பையில் பிறந்து, வீட்டுக்குள் மட்டுமே தமிழ் பேசி வளர்ந்த நான் சொல்லாக்கத்தில் தீர்ப்புக் கூற வல்லவன் அல்லன். வென்ற சொல்லையே கையாளுகிறேன்.

பௌதிக மாணவனாகிய எனக்கு இந்தப் பொருளில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் தம்பி. இருபது வயது, விமானம் ஓட்டக் கற்று வருகிறான். அவன் பயில்வது செஸ்னா 172 எஸ் என்ற நான்கு இருக்கை விமானத்தில். ஒவ்வொரு நாளும் அவன் தரைக்கு வந்து, தொலைபேசியில் "இறங்கிட்டேம்மா" என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்குச் சோறு இறங்கும். விமானம் வேகமாகப் போவதுதான் ஆபத்து என்பது அம்மாவின் நினைப்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. சிறு விமானத்துக்கு அஞ்சத்தக்க வேளை, தரைக்கு அருகில், மெதுவாகத் திரும்பும் வேளைதான்.

காரணம் இதுதான். வேகம் குறையக் குறைய, எடையைத் தாங்குவதற்காக இறக்கை மூக்கை நிமிர்த்திக் காற்றைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் நிமிர்ந்தால் மேற்புறக் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். தாங்கும் விசை சரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். தம்பியின் விமானத்தில், இறக்கை மடிப்புகளை இறக்காத நிலையில், வேகமானி 48 நாட் காட்டும்போது இது நேர்கிறது. ஆனால் 45 பாகை சாய்ந்து திரும்பினால் அதே ஸ்டால் 57 நாட்டிலேயே வந்துவிடும். ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும்போது, கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று பதறி இன்னும் கொஞ்சம் சாய்க்கிறவன் இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த உயரத்தில் விழுந்தால் மீண்டெழ இடம் கிடையாது.

காற்று ஏன் பிரிகிறது? கான்பூரில் கங்கையில் படகேறிச் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். நடு ஆற்றில் நீர் விரைந்து ஓடும். கரையை ஒட்டிய நீர் சோம்பிக் கிடக்கும். இறக்கையை ஒட்டிய காற்றும் அப்படியே. அந்த மெல்லிய ஏட்டை எல்லைப் படலம் என்று கூறி, அதன் இலக்கணத்தை 1904-இல் ஹைடல்பர்க் நகரில் ஒரு சிறு கட்டுரையாகப் படித்தவர் ஜெர்மானிய அறிஞர் லூட்விக் பிராண்டில். இறக்கையின் பின்பாதியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த மேட்டை ஏறத் தெம்பில்லாமல் சோம்பற் காற்று நின்று, பின் திரும்பியும் ஓடத் தொடங்குகிறது. மேலே செல்லும் நல்ல காற்று அதன்மீது ஏறி விலகிப் போய்விடுகிறது.

சுழலாக்கியின் வேலை இங்கேதான். காற்றின் திசைக்குச் சற்றே கோணலாக நிற்கும் அந்தத் தகட்டின் நுனியிலிருந்து ஒரு சிறு சுழல் கயிறு திரித்தாற்போலப் புறப்பட்டுப் பின்னோக்கிச் செல்கிறது. அது மேலேயுள்ள வேகக் காற்றைக் கீழே இழுத்து, கீழேயுள்ள சோம்பற் காற்றை மேலே தள்ளுகிறது. குழம்பு அடிப்பிடிக்காமல் கரண்டி கிண்டுகிறதல்லவா, அந்த வேலைதான்! 1947-இல் அமெரிக்காவில் யுனைடெட் ஏர்கிராப்ட் நிறுவனத்தில் எச். டி. டெய்லர் என்பவர் இதை ஆராய்ந்தார்.

நம் நாட்டிலும் எல்லைப் படலத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. பிற்காலத்தில் விண்வெளித் துறையை நடத்திய சதீஷ் தவனும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும், அந்தப் படலத்தின் சீரான ஓட்டம் கலைந்த ஓட்டமாக மாறுவதைப் பற்றி பெங்களூரில் செய்த ஆய்வை 1958-இல் வெளியிட்டார்கள். இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற கட்டுரை அது.

படித்ததைக் கண்ணால் பார்க்கும் ஆசையில், மரத்தில் செய்த முழ நீளத்து இறக்கைத் துண்டு ஒன்றை இங்குள்ள சிறிய காற்றுச் சுரங்கத்தில் மாட்டினேன். விடுதிக் காவலரின் மனைவியார் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய சிவப்புக் கம்பளி நூலைத் துணுக்குகளாக வெட்டி அதன் மேல் ஒட்டினேன். துண்டைச் சுமார் 13 பாகைக்கு நிமிர்த்தியதும் பின்வரிசை நூல்கள் நடுங்கி, தலைகீழாக முன்னோக்கித் திரும்பிவிட்டன. பிறகு குளிர்பானத் தகரத்தை வெட்டிச் செய்த தகடுகளை முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் வரிசையாக ஒட்டினேன். அதே 13 பாகையில் நூல்கள் எண்ணெய் தடவி வாரிய தலைமுடி போலப் படிந்து கிடந்தன! 16 பாகை வரைக்கும் அசையவில்லை. ஆனால் அதற்கு மேல் போனதும் எல்லா நூல்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஆடின. முன்பு பின்வரிசை மட்டும் ஆடி எச்சரித்ததே, அந்த எச்சரிக்கையைக் காணவில்லை. எல்லா இறக்கையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். என் மரத்துண்டு அப்படி நடந்துகொண்டது.

இதைத் தம்பியிடம் சொன்னதும் அவன் கேட்ட முதற் கேள்வி: "அண்ணா, அப்ப இன்னும் மெதுவா இறங்கலாம்ல?"

எல்லோரும் கேட்பது இதைத்தான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓடுதளத்தை நெருங்கும்போது ஸ்டால் வேகத்தைப்போல் 1.3 மடங்கு வைத்துக்கொள்வது வழக்கம். 48-க்கு அது 62 நாட். கையிருப்பு 14 நாட். சுழலாக்கி ஒட்டியதால் ஸ்டால் 44-க்கு இறங்கியதாக வைத்துக்கொள்வோம். அதே 1.3 மடங்கு 57 நாட். கையிருப்பு 13 ஆகிவிட்டது. குறுக்கே அடிக்கும் காற்று மட்டும் நம் வேகம் குறைந்ததென்று தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமா? பழைய 62-லேயே வந்தால்தான் கையிருப்பு 18.

மறுபக்கமும் உண்டு. 57-இல் வருகிற விமானத்தின் இயக்க ஆற்றலில் ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். குறைந்த தூரத்தில் நிற்கும். அலாஸ்காவில் ஆற்று மணலிலும் கூழாங்கல் திட்டிலும் இறங்குகிறவர்களுக்கு அதுவே பெரும்பேறு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. மெதுவாகப் போகையிலும் இறக்கை நுனியில் காற்று படிந்திருப்பதால் சாய்த்து நிமிர்த்தும் பிடி நன்றாக இருக்கும் என்பதும் மெய். இரட்டை இஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் மற்றது வண்டியை ஒரு பக்கமாகத் திருப்பிவிடப் பார்க்கும். அப்போது வால் துடுப்பின் மேல் ஒட்டிய தகடுகள் உயிர் காக்கும். ஆனால் அத்தகைய விமானங்கள் சிலவற்றில் தகடு ஒட்டிய பிறகு கூடுதல் எடை ஏற்றவும் அனுமதி கிடைக்கிறது. அந்த இடத்தில்தான் என் மனம் சுணங்குகிறது. விஞ்ஞானம் கொடுத்த மிச்சத்தை மூட்டையாகக் கட்டி ஏற்றிவிடுகிறோம்.

"அப்ப காசை எடுக்காம பேங்க்லயே போட்டு வைக்கச் சொல்றே" என்றான் தம்பி. ஆமாம் என்றேன். அவனுடைய பயிற்சி விமானத்தில் தகடு இல்லை. ஆள்வோர் அனுமதியின்றி யாரும் ஒட்டவும் முடியாது. இருந்தாலும் கேட்டு வைத்துக்கொண்டான்.

ஏர்பஸ் 320-இல் ஊருக்குப் போகும் நண்பர்கள் இறக்கைக்கு முன்னுள்ள சன்னலோரம் உட்கார்ந்து இஞ்சின் உறையைப் பாருங்கள். சுறாவின் துடுப்புப் போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். சுழலாக்கியின் பெரிய அண்ணன் அது. ஈரக்காற்று மிகுந்த சென்னையில் இறங்கும்போது அதிலிருந்து வெண்புகை போன்ற சுழல் கிளம்பி இறக்கையின் மேல் செல்வதைச் சில நாள் வெறுங்கண்ணாலேயே காணலாம்.

சிறு விமானத்தைத் துடைக்கும்போது துணி மாட்டித் தகடு பெயர்ந்து விழுவதுண்டு. எத்தனை தகடு வரை போனால் பறக்கலாம் என்று அதற்கான ஏட்டில் குறித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் காற்றுச் சுரங்கத்தில் எனக்கு இரண்டு பகல் ஒதுக்கியிருக்கிறார்கள். தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுப் பார்க்கப் போகிறேன். சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. இம்முறை பச்சைதான் கிடைத்திருக்கிறது.