நாக்கும் காடியும்

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிட முடியுமா? என்னால் முடியாது. எங்கள் சென்னை ஃப்ளாட் பரணில் ஓட்டை விழுந்த அண்டா, கொலுப் படி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருட்டு.

போன வருடம் லண்டன் ஹாரோவில் தம்பி வீட்டுக்குப் போனவன், பரணுக்குத் தரை போடும் வேலையில் மாட்டிக்கொண்டேன். அங்கே பரண் என்றால் சமையலறைக் கதவுக்கு மேலே இருக்கிற சிமென்ட் பலகை இல்லை. ஓட்டுக் கூரைக்கும் மாடி அறை சீலிங்குக்கும் நடுவே, வீட்டு அகலத்துக்கு விரிந்த முக்கோண இருட்டு. லாஃப்ட் என்கிறார்கள். தரை கிடையாது. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்கள் ஓடும். நடுவில் குளிருக்காகக் கம்பளி மாதிரி ஒரு பஞ்சு. கால் வைப்பதென்றால் சட்டத்தின் மேல்தான் வைக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

''ஒரு கார்ப்பென்ட்டரைக் கூப்பிட்டா என்னடா?''

''அவர் கூலியைச் சொன்னா நீங்க இன்னிக்கே பிளேன் ஏறிடுவீங்கண்ணா.''

வேலைக்குக் காரணம் ஹாலில் கிடந்த அப்பாவின் டிரங்குப் பெட்டி. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து, அத்தியாய வரிசையில் அடுக்கி, காலிகோ ஒட்டி அவர் பைண்டு செய்து வைத்த தொகுப்புகள். 2019-ல் கும்பகோணம் வீட்டை விற்றபோது, என் ஃப்ளாட்டில் இடமில்லை என்று சொன்னவன் நான். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடலாமா என்றும் கேட்டேன். (உங்களிடம் மறைப்பானேன்.) தம்பி ஒரு வார்த்தை பேசாமல் கப்பலில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

பலகைகளை மூன்று மூன்றாகக் கட்டி விற்கிறார்கள். நாலடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம், 18 மில்லிமீட்டர் கனம். மரச்சில்லுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. பெரிய பலகை, லாஃப்ட்டுக்கு ஏறும் சதுர ஓட்டையில் நுழையாது. ஒரு ஓரத்தில் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், மறு ஓரத்தில் காடி. நம்ம ஊர் ஆசாரி கதவுப் பலகைக்குச் செய்வாரே, அதே வித்தை. காடியில் பசை விட்டு, நாக்கைச் செருகி, நடுவில் ஒரு துண்டுக் கட்டையைக் கொடுத்துத் தட்ட வேண்டும். சுத்தியலால் நேரே அடித்தால் நாக்கு உடையும். இரண்டு உடைத்தேன். ஒரு வரிசை இணைப்புக்கு நேராக அடுத்த வரிசை இணைப்பு வரக் கூடாது, செங்கல் சுவர் மாதிரி.

சட்டத்தின் மேலேயே பலகையைப் போட்டுவிட்டால் சுலபம். ஆனால் சட்டம் 100 மில்லிமீட்டர் உயரம், பஞ்சு 270. நசுக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும், காற்றோடு கதகதப்பும். அதனால் சட்டங்களில் பிளாஸ்டிக் கால்களை நட்டு, அதன் மேல்தான் பலகை. கால்களை நடவே முதல் நாள் போய்விட்டது. முதுகைக் கேட்காதீர்கள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் டீ கப்போடு வந்தார். ரிட்டயரான தச்சர். ''மேலே என்ன வைக்கப் போகிறீர்கள்?'' என்றார். புத்தகம் என்றதும் கப்பைக் கீழே வைத்துவிட்டார். 1930-களில் கட்டின வீடு. அந்தச் சட்டங்கள் கீழே சீலிங்கைப் பிடித்துக்கொள்ளவும், கூரை சுவரை வெளியே தள்ளிவிடாமல் இழுத்துக் கட்டவும் போட்டவையாம். லாஃப்ட்டில் சாமான் வைக்கப் போடுகிற கணக்கு சதுர மீட்டருக்கு 25 கிலோ. படுக்கையறைத் தரைக்கு 150.

அவர் போன பிறகு, பாத்ரூம் எடை மெஷினில் புத்தகங்களை நாலு தவணையாக நிறுத்தோம். 90 கிலோ. பெட்டி அடைக்கிற இடம் அரைச் சதுர மீட்டர்கூட இல்லை. தம்பி எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மூடிவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாளும் வேலை நடந்தது, சூட்கேஸ்களுக்கும் குளிர்கால ரஜாய்களுக்குமாக. பாதிப் பலகை முடிந்திருக்கும். ''அதையெல்லாம் நானே வெச்சுட்டிருந்திருக்கணும்டா'' என்றேன்.

''அப்பவே சொல்லியிருக்கலாமே'' என்றான், திரும்பாமல் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே. நான்கு வருஷமோ ஐந்து வருஷமோ, என்னிடம் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம். அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று ஓரடி பின்னால் வைத்தேன்.

சட்டத்தில் இல்லை.

இடது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. கீழே படித்துக்கொண்டிருந்த பெண் வீல் என்று கத்தினாள். ''டாடி! பெரியப்பா கால்!''

எண்பது தொண்ணூறு வருஷத்துச் சுண்ணாம்பும் சிம்பும் அவள் கட்டிலில். தம்பி என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். அடிபட்டதா என்று கேட்டான். இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தான். பலகை மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

ஓட்டையை அடைக்க இரண்டு நாள் ஆயிற்று. மாடிப்படியை ஒட்டிய கீழ்ச் சுவரில் ஒரு அலமாரி அடித்து, அப்பாவின் தொகுப்புகளை அதில் வைத்தோம். இருபது தொகுப்புகளை நான் கொண்டு வந்தேன். பெட்டிக்கு 23 கிலோதான் அனுமதி. சட்டை, செருப்பு, ஸ்வெட்டர் எல்லாம் ஹாரோவிலேயே இருக்கின்றன.

''இதையெல்லாம் எங்கே வைக்கப் போறீங்க?'' என்றாள் மனைவி.

ஏணி போட்டு, பரணிலிருந்து கொலுப் படியை இறக்கி ஹாலில் விரித்தேன். நவராத்திரிக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.