மாடியை வாடகைக்கு விடுமுன்: ஹலாலான வருவாய்க்கு ஒரு சிறு கணக்கு



ஒரு வீட்டின் ஒரு பகுதியில் தாம் வசித்துக்கொண்டு மறுபகுதியை வாடகைக்கு விட்டு, அவ்வருவாயால் குடும்பச் செலவைத் தாங்குவது நமக்குப் புதிதன்று. முன்கட்டு, பின்கட்டு, மாடிக் குடித்தனம் என்று நம் ஊர்கள் நெடுங்காலமாக அறிந்த ஏற்பாடே இது. மேலை நாட்டார் இதற்கு ‘ஹவுஸ் ஹேக்கிங்’ என்று பெயரிட்டு, சிறு முதலீட்டாளரின் முதற்படி என்கின்றனர். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அதன் பின்னர் அரசு அலுவலகங்களும் சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியும் வந்தன. வாடகை வீடு தேடுவோர் பெருகினர். கீழ்வீடு சொந்தமாக உள்ள பலரும் மாடி எழுப்பத் தொடங்கினர். நானும் அவர்களுள் ஒருவன். அவ்வனுபவத்தில் எதிர்ப்பட்ட மார்க்கக் கேள்விகளையே இங்கு எழுதுகிறேன்.

முதற்கேள்வி, பணம் எங்கிருந்து வரும் என்பது. 2022இல் ஒரு சிறிய மாடிக்கு 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று கொத்தனார் கணக்கிட்டார். என் சேமிப்பு 4 லட்சம். என் துணைவியார் தம் நகையில் 8 பவுனை விற்று 3 லட்சம் தந்தார். இன்னும் 2 லட்சம் குறைந்தது. வங்கிக் கடன் வட்டியின் காரணமாக நமக்கு ஆகாது. உலகக் கணக்குப்படியும் அது பொருந்தவில்லை. 9 லட்சத்துக்கு நூற்றுக்கு 9 வீதம் முதலாண்டு வட்டி மட்டும் ஏறத்தாழ 81,000 ரூபாய். மாதம் 4,500 வீதம் ஆண்டு வாடகையோ 54,000 ரூபாய்தான்.

அப்போதுதான் போக்கியத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. 4 லட்சம் ரூபாய் ரொக்கமாகத் தருவார்கள். மூன்றாண்டுகள் வாடகையின்றிக் குடியிருப்பார்கள். காலி செய்யும்போது 4 லட்சத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். என் மைத்துனர், “மச்சான், எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே? யாரும் வட்டின்னு சொல்றதில்லையே! வேலையை முடிங்க” என்று வற்புறுத்தினார். அவர் அக்கறையில் குறையில்லை. கம்பி துருவேறிக்கொண்டிருந்ததை நாள்தோறும் பார்த்தவர் அவர்.

ஆனால் பெயரை நீக்கிவிட்டுப் பொருளைப் பாருங்கள். குடிவருபவர் தருவது வாடகையன்று; திருப்பித் தரவேண்டிய கடன். அக்கடனுக்காக அவர் பெறுவது ஆண்டுக்கு 54,000 ரூபாய் பெறுமானமுள்ள குடியிருப்பு. 4 லட்சத்துக்கு அது நூற்றுக்குப் பதின்மூன்றரை வீதம். கடன் கொடுத்தவர் அக்கடனை முன்னிட்டு நிபந்தனையாகப் பெறும் எந்தப் பலனும் வட்டியே என்பது ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை விதி. ‘போக்கியம்’, ‘ஒத்தி’, ‘லீஸ்’ என்று பெயர் மாற்றினாலும் தன்மை மாறாது. முன்பணத்தை மிகுதியாக வாங்கி, அதற்கு ஈடாக வாடகையைப் பெயரளவுக்குக் குறைப்பதும் இதே வாசல்தான்.

‘அப்படியானால் வாடகையும் வட்டியும் ஒன்றுதானே, இரண்டும் உட்கார்ந்த இடத்தில் வரும் காசுதானே?’ என்று ஒரு மாணவர் மதரஸாவில் கேட்டார். வேறுபாடு சுமையில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் எந்தப் பொருளின் கேட்டையும் ஏற்பதில்லை. வாடகைக்கு விட்டவரோ கட்டடத்தின் கேட்டைத் தாமே ஏற்கிறார். உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’வின் இரண்டாம் நூல் முழுவதும் இஜாரா எனும் வாடகை பற்றியதே. குடியிருப்பதற்குத் தடையாகும் பழுதைச் சீர்செய்வது உரிமையாளரின் பொறுப்பு. பயன்பாடு முற்றிலும் அற்றுப்போனால் அக்காலத்துக்கு வாடகை இல்லை. கூரை ஒழுகும்போது கை விரித்துவிட்டு, மாதம் பிறந்ததும் வாடகைக்கு மட்டும் கை நீட்டுபவர், வாடகையை ஆகுமாக்கிய காரணத்தையே கைவிட்டவராகிறார்.

அந்தக் குடும்பத்துக்கு இல்லையென்று சொன்னோம். மாடி பதினொரு மாதங்கள் பூச்சின்றிக் கிடந்தது. பின்னர் நண்பர் இருவர் ஆளுக்கு ஒரு லட்சம் கர்ளு ஹஸனாவாகத் தந்தனர். அல்பகரா அத்தியாயம் கற்பிக்கும் முறைப்படி அதைத் தவணையுடன் எழுதிச் சாட்சிகளும் வைத்தோம். துணைவியாரின் 3 லட்சத்தையும் எழுதினோம். மனைவியின் நகை மனைவியின் சொத்து. குடும்பத்துக்காகத் தந்தார் என்பதால் அது கணவனுடையதாகிவிடாது. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. ஆகவே மாடியிலும் வாடகையிலும் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் எழுதப்படாமல் போவது இந்த வரிதான்.

இரண்டாம் கேள்வி, யாருக்கு விடுவது என்பது. மகளின் படிப்புக்காகக் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த பழங்குடிக் குடும்பம் ஒன்று கேட்டது. ‘மலையாட்களுக்கு வேண்டாம்’ என்று இரண்டு மூன்று இடங்களில் மறுக்கப்பட்டு வந்தவர்கள். மஹல்லாப் பெரியவர் ஒருவர், “நம்மவங்களுக்கே விட்டா என்ன ஹஜ்ரத்?” என்று கேட்டார். பெருநகரங்களில் பெயரைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளுக்கு வீடில்லை என்று கதவடைக்கப்படும் வலியை அறிந்தவர்கள் நாம். அதே கதவை நாம் இன்னொருவர் முகத்தில் அடைக்கலாமா? அண்டை வீட்டாரின் உரிமை மார்க்கம் பார்த்து வழங்கப்படுவதன்று. ஆடு அறுத்தபோது தம் யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) கேட்ட செய்தி நாம் அறிந்ததே. வீடு அவர்களுக்கே விடப்பட்டது. வெளிப்புறமாகத் தனிப் படிக்கட்டு வைத்ததால் இரு வீட்டுப் பெண்களுக்கும் மறைவு கிடைத்தது.

அவர்களுடைய வருவாய் மரவள்ளியிலிருந்து வருவது. ஆகவே, பாதி வாடகையை மாதந்தோறும், மீதியைக் ‘கிழங்கு பிடுங்கினதும்’ தருவதாகச் சொன்னார்கள். தவணை தருவது ஆகும். ஆனால் தவணை நாள் தெளிவாக இருக்க வேண்டும். அறுவடை முன்னும் பின்னும் நகரக்கூடியது என்பதால் அதைத் தவணையாக வைப்பதை ஃபகீஹ்கள் பலர் ஏற்பதில்லை. எனவே மார்ச் 15 என்று நாள் குறித்தோம். தாமதத்துக்கு அபராதம் இல்லை என்றும் எழுதினோம். தாமதித்த கடன்மீது ஏற்றும் தொகை வட்டியின் மறுவடிவமே. முதலாண்டு கிழங்கு விலை சரிந்து, பாக்கி வந்து சேர மே மாதமாயிற்று. நண்பரின் தவணையை ஈடுகட்ட அவ்விரண்டு மாதமும் எங்கள் செலவைச் சுருக்கினோம். நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கச் சொல்லும் இறைவசனம், வகுப்பில் ஓதும்போது எளிது. மாதக் கடைசியில் அதன் எடை தெரியும்.

மாடி வைத்திருப்போர் கவனிக்கச் சில செய்திகள்:

ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கோருகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, குடியிருப்புக்கான முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது.

முன்பணம் உங்கள் வருவாயன்று, திருப்பவேண்டிய கடன். குடித்தனக்காரர் சேதம் ஏதும் செய்யாதிருக்க, வெள்ளையடிப்பு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நியாயமன்று.

மின்சாரத்துக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். வீட்டு இணைப்புக்கு அரசு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. துணை மீட்டர் வைத்து, வாரியக் கட்டணத்தைவிட உயர்த்தி வாங்குவோர், அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதட்டும்.

வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை. வாடகையிலிருந்து மிஞ்சிச் சேர்ந்த தொகை, ஏனைய சேமிப்புடன் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் உண்டு.

இதில் விரைவான செல்வம் இல்லை. 9 லட்சத்துக்கு 54,000 என்பது நூற்றுக்கு 6 வீதம். வரியும் பழுதுபார்ப்பும் போக இன்னும் குறையும். போட்ட முதல் திரும்பவே பதினேழு ஆண்டுகளாகலாம். எனினும் நண்பர்களின் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. மாடியில் ஒரு பெண்பிள்ளை அமைதியாக அமர்ந்து படிக்கிறாள்.

மதீனாவில் அபூ அய்யூப் (ரழி) அவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தில் நபி (ஸல்) அவர்கள் தங்கியிருந்தபோது, மாடியில் தண்ணீர்ச் சாடி உடைந்தது. ஒரு துளியும் கீழே ஒழுகக்கூடாதென்று, தங்களிடமிருந்த ஒரே போர்வையால் அத்தம்பதியர் நீரை ஒற்றியெடுத்தனர். அது விருந்தோம்பல், வாடகையன்று. ஆயினும் ஒரே கூரையைப் பகிர்வோர் ஒருவருக்கொருவர் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளிலும் வருவாயிலும் பரக்கத் செய்து, வட்டியின் எல்லா வாசல்களிலிருந்தும் நம்மைக் காப்பானாக! ஆமீன்.