பழவேற்காட்டில் கடைசிச் சாயங்காலம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் பழவேற்காடு இருக்கிறது. பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறினால், உப்பங்காற்று வந்து முகத்தில் அடிக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் பூநாரை பார்க்கப் போகிறார்கள். பாக்கிப் பேர் இறால் சாப்பிடப் போகிறார்கள். பத்து வயதான என் பெண் இரண்டையும் உத்தேசித்தே புறப்பட்டாள். மூன்று நாள் யாத்திரையில் இரண்டு ஆசையும் குறைவின்றி நிறைவேறின.

ஏரி என்று பெயரே தவிர, பழவேற்காடு ஏரி நதிக்கும் சமுத்திரத்துக்கும் பொதுச் சொத்து. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்த நீரில்தான் இறால் செழிக்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால், குப்பங்களில் அடுப்பெரிவதும் கஷ்டந்தான். இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில், ஒடிசாவிலுள்ள சிலிகாவுக்கு அடுத்தபடி இதுவே பெரியது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் ஏரியில் இறால் அகப்படும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர்.

"பாடு என்றால் பாட்டுப் பாடுவதா?" என்று என் பெண் கேட்டாள்.

வலையைச் சிக்கெடுத்துக் கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இல்லை, பாப்பா! இன்றைக்கு நான் வலை போட்ட இடத்தில் நாளைக்கு இன்னொருத்தர் போடுவார். எல்லார் வயிறும் நிறைய வேண்டாமா?" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட சமாதிகள். பெயர், வருஷம், குலச் சின்னம் எல்லாம் கல்லில் வெகு நேர்த்தியாக வெட்டப்பட்டிருக்கின்றன.

"இவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லையா, அப்பா?"

"இல்லை, அம்மா."

குழந்தை அவர்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டாள். நானும் வருத்தப்பட்டேன். கடல் கடந்து வந்து இறந்தவன் யாராயிருந்தாலும் மனிதன்தானே? ஆனால் அந்த ஊரின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை.

1613-ம் வருஷத்தில் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமை ஸ்தலத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில், சோழ மண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கெல்லாம் இதுவே தலைநகரம். இப்போது அது புதர் மண்டிய மேடு. இங்கிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று, மனிதர்களும் போனார்கள். யுத்தமும் பஞ்சமும் சேர்ந்து வந்த 1622, 1623 வருஷங்களில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். ஜாவாவிலுள்ள பத்தேவியா நகரத்துக்கும் கிழக்கே உள்ள தீவுகளுக்கும் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் படகுத் துறையில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். அம்மாவிடம் எதை முதலில் சொல்வது, எதைப் பிற்பாடு சொல்வது என்று குழந்தை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தாள். நடுவில் திடீரென்று, "கப்பலில் ஏற்றினார்களே, அவர்களோடு குழந்தைகளும் இருந்தார்களா?" என்றாள்.

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எத்தனையோ குழந்தைகள் அனுபவித்த ஒன்றை ஒரு குழந்தை காதால் கேட்கக் கூடாதா என்று தோன்றிற்று. "இருந்தார்கள். பஞ்ச காலத்தில் பெற்றவர்களே பிள்ளைகளை விற்றதும் உண்டு. விற்ற இடத்திலாவது சோறு கிடைக்காதா என்றுதான்" என்றேன்.

"அவர்களுடைய சமாதி எங்கே இருக்கிறது?"

"யாருக்கும் தெரியாது."

குழந்தை வெகு நேரம் பேசவில்லை. என் விரலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக் கொண்டிருந்தாள். எதிரே பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பி வடக்கே பறந்தது. அதைக்கூட அவள் சுட்டிக் காட்டவில்லை.

மலாய் நாட்டில் கட்டம் போட்ட சாரத்துக்கு இன்றைக்கும் 'பெலெகாட்' என்று பெயர். பழவேற்காடு என்பதுதான் அங்கே போய் அப்படி மருவி நிற்கிறது. கப்பலேறிய துணிக்கு ஊர்ப் பெயர் மிஞ்சியது. அதே துறையில் கப்பலேறிய குழந்தைகளுக்கு அதுவும் இல்லை.

விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நேயர்கள் பழவேற்காட்டுக்கு அவசியம் போய் வர வேண்டும். பூநாரையைக் காட்டுங்கள், இறாலும் வாங்கிக் கொடுங்கள். கல்லறைகளில் உள்ள பெயர்களையும் படித்துக் காட்டுங்கள். அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் அந்தத் துறைக்கும் அழைத்துப் போய்ச் சற்று நேரம் உட்கார வையுங்கள். படிப்பதற்கு அங்கே கல் ஒன்றும் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.