ஒத்தைத் துளையும் கோர்வைத் தறியும்

பெரிய காஞ்சிபுரத்துல, பிள்ளையார்பாளையம் பக்கம் யாரைக் கேட்டாலும் கோர்வைன்னா என்னன்னு சொல்லிடுவாங்க. சேலையோட உடல் ஒரு கலர், கரை வேற கலர். அதுக்கு மூணு நாடா வேணும். குழியில உட்கார்ந்து நெய்யறவர் ஒருத்தர், பக்கத்துல இன்னொரு கை உதவிக்கு. ரெண்டு பேர் கையும் மோதிக்காம ஓடணும். தாளம் தப்பினா இழை போச்சு. ரோபோ அறுவை சிகிச்சையைப் பத்தி எங்க வீட்டுல பேச்சு வந்தப்ப, எல்லாருக்கும் புரிய வைக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கலை.

விஷயம் இதுதான். பெரியப்பாவுக்கு வயசு 58. வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல வலது சிறுநீரகத்துல 3 செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் எடுத்துட்டு மிச்ச சிறுநீரகத்தைக் காப்பாத்திடலாம்னு டாக்டர் சொன்னார். சென்னையில ஒரு தனியார் மருத்துவமனையில "ஒரே துளை, ரோபோ, தழும்பே தெரியாது"ன்னு வழவழ தாள்ல ஒரு விளம்பரத்தைக் கையில கொடுத்து, நாலரை லட்சம்னாங்க. அத்தை "ரோபோவே வெட்டுமாடா?"ன்னு அலறிட்டாங்க. பெரியப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஏம்ப்பா, நான் எப்போ குழியில இறங்கலாம்?"

நெசவாளிக்கு அதுதானே கேள்வி! படமரத்து மேல வயிறு அழுந்த குனியணும், காலால மிதிக்கணும். விலாப்பக்கம் பெரிசா கிழிச்சு தசையை வெட்டினா, பல வாரம் குனிய முடியாது. வருமானம் அம்பேல்.

சரி, கொஞ்சம் வரலாறு. 1990ல அமெரிக்காவோட செயின்ட் லூயிஸ் நகரத்துல ரால்ஃப் கிளேமன் குழு முதன்முதலா லேப்ராஸ்கோப்பி மூலமா ஒரு சிறுநீரகத்தை எடுத்தாங்க. பெரிய கிழிசல் போய் சின்னச் சின்ன துளைகள் வந்தது. 2000ல டா வின்சி ரோபோவுக்கு அமெரிக்க அனுமதி. அடுத்த கேள்வி தானா வந்தது: நாலஞ்சு துளை எதுக்கு, தொப்புள் வழியா ஒண்ணு போதாதா? 2008ல வந்த ஆரம்பகால மருத்துவ அறிக்கைகள்ல ஒண்ணை எழுதினவங்கள்ல மிஹிர் தேசாய், மும்பையைச் சேர்ந்த பிரதீப் ராவ் ரெண்டு பேரும் உண்டு. நம்மாளுங்க! 2009ல கிளீவ்லேண்டுல ஜிஹாத் காவூக் குழு, ரோபோவை வெச்சே ஒத்தைத் துளையில செஞ்சதை எழுதினாங்க.

ஆனா இங்கதான் சிக்கல். ஒரே துளையில மூணு நேரான கம்பியை விட்டா உள்ள போய் ஒண்ணோட ஒண்ணு வாள்சண்டை போடும். ரெண்டு கையையும் அகட்டி வெச்சு வேலை செய்ய முடியாது. ஒரே சந்துல மூணு நாடாவை ஓட்டற மாதிரி. இதுக்காகவே தனியா செஞ்ச மெஷின்தான் டா வின்சி எஸ்.பி. 2018ல சிறுநீரகவியலுக்கு அமெரிக்க அனுமதி கிடைச்சது. சுமார் 2.5 செ.மீ. குழாய், அது வழியா ஒரு கேமராவும் மூணு கருவியும் உள்ள போகும். உள்ள போனதும் முழங்கை மடக்கற மாதிரி மடங்கி விரியும். மோதல் தீர்ந்தது.

அத்தைக்கு சொன்ன பதில்: ரோபோ தானா ஒண்ணும் வெட்டாது. டாக்டர் தள்ளி ஒரு மேஜையில உட்கார்ந்து கையையும் காலையும் ஆட்டுவார், மெஷின் அதை சின்னதாக்கி, நடுக்கத்தை வடிகட்டி உள்ள செய்யும். நோயாளி பக்கத்துல உதவிக்கு இன்னொரு டாக்டர். குழி, மிதி, துணை ஆள்... அச்சு அசல் கோர்வைத் தறி :-) பெரியப்பா உடனே கேட்டார்: "இழை இறுக்கம் கைக்குத் தெரியுமா?" மனுஷன் நேரா ஆணிவேரைப் பிடிச்சுட்டார்! இத்தனை வருஷமா இந்த ரோபோக்கள்ல பெரிய குறையே அதுதான், தொட்ட உணர்வு கிடையாது. கண்ணால பார்த்தே டாக்டர் ஊகிக்கணும். 2024ல அனுமதி கிடைச்ச டா வின்சி 5 மாடல்லதான் விசையை உணர்ற கருவிகள் வந்தது.

இப்ப முக்கியமான விஷயம். நான் அந்த மருத்துவமனையில "உங்க மெஷின் என்ன மாடல்?"னு கேட்டேன். சாதாரண நாலு கை மாடல். அப்போ விளம்பரத்துல இருக்கற ஒத்தைத் துளை? "அது பொதுவா போட்டது சார்." என்னத்த சொல்ல!

பெரியப்பாவுக்கு துளை எண்ணிக்கை முக்கியமே இல்லை. கட்டியை வெட்டும்போது சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தை நிறுத்தி வெச்சு, சுமார் 25, 30 நிமிஷத்துக்குள்ள வெட்டித் தைக்கணும். வேகமா, சுத்தமா தைக்கற கைதான் முக்கியம். ப்ராஸ்டேட் புற்றுநோய்ல திறந்த அறுவையையும் ரோபோவையும் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவுல செஞ்ச ஆய்வோட முடிவு 2018ல வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா சிறுநீர்க் கட்டுப்பாட்டுல பெரிய வித்தியாசம் இல்லை. மெஷினைவிட மனுஷன்!

காசு இல்லாதவங்க என்ன செய்யறது? 2022 மார்ச்ல சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில சுமார் 35 கோடி ரூபாய் செலவுல ரோபோ மையம் திறந்தாங்க. நம்ம ஊர் காரப்பேட்டையிலயே அறிஞர் அண்ணா பேர்ல அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. லட்சக்கணக்குல கடன் வாங்கறதுக்கு முன்னாடி அங்கயும் ஒரு நடை போயிட்டு வாங்க. சிறுநீரகக் கல்லுக்கு பெரும்பாலும் ரோபோ தேவையே இல்லைங்கறதையும் சொல்லி வெக்கறேன்.

கடைசியில வேற ஒரு இடத்துல, இந்த ஆபரேஷனை நிறைய செஞ்ச டாக்டர்கிட்ட, சாதாரண நாலு கை ரோபோவுலயே முடிச்சோம். அஞ்சு சின்னத் துளை. கட்டி புற்றுநோய்தான், ஆனா ஓரம் சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட். மூணாம் மாசம் பெரியப்பா தறிக்குழியில இறங்கிட்டார்.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி வந்தா மூணு கேள்வி கேளுங்க மக்களே: இந்த ஆபரேஷனை நீங்க எத்தனை செஞ்சிருக்கீங்க? உங்க மெஷின் என்ன மாடல்? நடுவுல சிக்கல் வந்தா திறந்து செய்யற ஆள் யாரு? பதில் சொல்லத் தயங்கினா, அடுத்த பஸ் பிடிங்க.