அப்பாவின் 1939 ரூபாய்

லீவு முடிந்து புனேவுக்கு ரயில் ஏறும்போது அப்பா ஒரு சின்ன டப்பாவைக் கையில் திணித்தார். உள்ளே ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், 1939. "ரொம்ப அபூர்வம்டா. பேத்தி படிப்புக்கு ஆகும்."

ரிடையரான பணத்தில் வாங்கியது. எடை போட்டேன்: 11.66 கிராம், சரி. வெள்ளியும் சரி. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தரம் பார்த்துச் சான்று தரும் ஓர் இடத்துக்கு அனுப்பினேன். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்று அமெரிக்காவில் பிரபலமான முறை. விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. மூன்றாம் ஆள் பார்த்து 70-க்கு மார்க் போட்டு சீல் வைப்பார்.

நம்ம காசு மார்க்கே இல்லாமல் திரும்பி வந்தது. 1938 காசில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்களாம்! இரண்டு வருடத்துக்கும் ஒரே எடை, ஒரே வெள்ளி. தராசுக்கு எப்படித் தெரியும்?

நேற்று போனில், "என்னடா சொன்னாங்க?" என்றார் அப்பா.

"நல்ல வெள்ளிதாம்ப்பா" என்று மழுப்பினேன்.

"அப்போ அதே ஆள்கிட்ட இன்னொண்ணு இருக்காம், வாங்கிடவா?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "வாங்கறதுக்கு முன்னாடி காட்டியிருக்கணும், இல்ல?" என்றார்.

ஊரில் உங்க அப்பாவும் காசு சேர்க்கிறாரா மக்களே? இன்றைக்கே ஒரு போன் போட்டுடுங்க.